கிளாக்கரின் படத்தில் இல்லாத பெண்கள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கயிறு பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் பேனை நிற்காது. வரி நேராகத்தான் தொடங்கும். தாளின் மற்றக் கரைக்குப் போவதற்குள் நீரோட்டத்தில் அகப்பட்ட தோணி மாதிரிக் கீழே இறங்கிவிடும். எந்த றகரம், எந்த னகரம் என்று நின்று யோசித்தால் எழுத வந்த விஷயம் மறந்துபோகிறது. ஆகவே யோசிக்காமல் எழுதுகிறேன். படிப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுத வைத்தது எங்கள் ஊர் வாசிகசாலை வெளியிட்ட ஆண்டு மலர். அதில் காலஞ்சென்ற கிளாக்கரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. உலக நாடுகளின் சனங்களை வயது வயதாகப் பிரித்து, எங்கள் ஊரோடு ஒப்பிட்டுக் காட்டிய முதல் அறிஞர் அவராம். ஊரே திரண்டு வந்து அந்தக் கண்காட்சியைப் பார்த்துப் பயன் பெற்றதாம். செத்தவர்களைப் பழிக்கக் கூடாது என்பார்கள். கிளாக்கர் உயிரோடு இருந்தவர்களைச் சாகடித்தவர். அதனால் எனக்கு அந்த மரியாதை தேவையில்லை.

அவர் கொழும்பில் ஏதோ கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறி ஊருக்கு வந்தவர். வேட்டிக்கு மேலே தோல் பட்டி கட்டுவார். கையில் எப்போதும் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கும். ஊரில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. சுவீடனில் எத்தனை கிழவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். கடற்கரையிலிருந்து மீன் கொண்டு போகும் பெண்ணை மறித்து, "சுவீடனிலை ஒரு பொம்பிளைக்கு எத்தினை பிள்ளை தெரியுமோ?" என்று கேட்பார். "எனக்கு ஆறு ஐயா. சூடை வேணுமோ, சொல்லுங்கோ, வெய்யில் ஏறுது" என்று அவள் கடகத்தை இறக்குவாள். அவர் சூடை வாங்கமாட்டார். சுவீடனைச் சொல்லி முடிக்கும் வரை அவளைப் போகவும் விடமாட்டார்.

கிளாக்கரின் படத்துக்கு வருவதற்கு முன் என் அக்காவின் வயதைச் சொல்லவேண்டும். இந்தக் கதையே அதுதான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு எங்கள் ஐயா, அதாவது தகப்பன், காலமானபோது எனக்குப் பதினாலு, அக்காவுக்குப் பதினாறு. அப்போது வீட்டில் எல்லாருடைய வயதும் உண்மையான வயது. நான் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுத் தோணியில் ஏறியிருந்தேன். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிறகு அம்மாவோடு சேர்ந்து சமைத்தாள், தைத்தாள், கிணற்றடியில் கத்தரி நட்டாள். இருபதுக்குப் பிறகு அவளைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லை. ஒருவருக்கு எங்கள் வீட்டுக் கூரை பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு, தகப்பன் இல்லாத வீடு என்பது பார்த்துவிட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்படியே அவளுக்கு இருபத்துநாலு வந்தது. அந்த இடத்தில் எங்கள் அம்மான் நங்கூரம் போட்டார்.

அம்மான் என்றால் அம்மாவின் தமையன். ஐயா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். "இருபத்தைஞ்சு எண்டு சொன்னா, ஏன் இவ்வளவு நாளும் கிடந்தது எண்டு கேப்பாங்கள். இருபத்திநாலு எண்டா ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றார். அடுத்த வருடமும் அவளுக்கு இருபத்துநாலு. அதற்கு அடுத்த வருடமும் அதுதான். கலியாணம் பேசச் சாதகக் குறிப்புத் தேவை. குறிப்பில் பிறந்த வருடம் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதடவை அம்மான் வேறு ஊர்ச் சாத்திரியாரிடம் போய், அக்காவைப் புதிதாகப் பிறப்பித்துக்கொண்டு வருவார். முதல் பிறப்பில் அவளுக்குச் செவ்வாய் எட்டில் இருந்தது. அடுத்த பிறப்பில் மூன்றுக்கு நகர்ந்து ஒரு குற்றமும் இல்லாமல் போய்விட்டது. செவ்வாய் நகர்ந்தும் மாப்பிள்ளை நகரவில்லை.

எங்கள் வீடு மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஒழுங்கையில் வரிசையாக இருந்த எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. இருபத்துநாலைத் தாண்டிய கலியாணமாகாத குமர் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு வீட்டுக்காரரும் வாயால் சொல்லமாட்டார்கள். எல்லாருக்கும் எல்லாருடைய உண்மையும் தெரியும். அடுத்த வீட்டின் பொய்யை நீ கேட்காதே, உன் வீட்டுப் பொய்யை நான் கேட்கமாட்டேன் என்பது எழுதாத உடன்படிக்கை. ஊருக்குள் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை. கோயில் திருவிழாவில் யார் முதலில் காளாஞ்சி மரியாதை வாங்குவது என்று மண்டை உடைப்பவர்கள், பெண்களின் வயது என்றால் ஒரே குரலில் பேசினார்கள்.

இதில் எனக்கு நேர்ந்த அவமானம் ஒன்று உண்டு. நான் ஆண்பிள்ளை. என் வயதை ஒருவரும் பிடித்துக் கட்டவில்லை, அது தன் பாட்டில் ஓடியது. எனக்கு இருபத்தைந்து ஆன அன்று நான் என் அக்காவுக்கு அண்ணன் ஆனேன். வீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் அம்மான் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்துவார்.

"நீ இண்டைக்கு அண்ணை. விளங்குதோ? அக்கா எண்டு வாய் தவறினியோ, பல்லைக் கழட்டிக் கையிலை தருவன்."

"ஓம் அம்மான்."

"ஓம் எண்டும் சொல்லாதை. பேசாமல் இரு. உனக்கு அதுதானே நல்லா வரும்."

உண்மைதான். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. நாலு பேர் இருந்தால் நா மேலே ஒட்டிக்கொள்ளும். என் கூச்சம் வீட்டாருக்கு உபயோகப்பட்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

எழுபத்தொன்றில் அரசாங்கம் சனத்தை எண்ணிக் குடிசன மதிப்பு எடுத்துப் போனது. கிளாக்கருக்கு அதில் ஆசை பற்றிக்கொண்டது. அடுத்த வருடம் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். உலக நாடுகளின் படங்களைப் புத்தகத்தைப் பார்த்துக் கீறுவார். கடைசியாக எங்கள் ஊரையும் அதே மாதிரிக் கீறுவார். அதற்காக வாசிகசாலை இளைஞர்களை வீடு வீடாக அனுப்பினார்.

எங்கள் வீட்டுக்கு வந்தவன் பக்கத்து ஒழுங்கைப் பொடியன். கம்பஸ் படிப்புக்குப் போகக் காத்திருந்தான். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அக்கா.

"மாமி, உங்களுக்கு எத்தினை வயது?"

"அறுவது போடு மோனை." அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்றுக்கு மேல் இல்லை. எங்கள் ஊரில் இளையவர்கள் வயதை இறக்குவார்கள், மூத்தவர்கள் ஏற்றுவார்கள். அறுபது என்றால் மரியாதை.

"இவருக்கு?"

"முப்பது."

"அக்காவுக்கு?" அவன் வாய்தவறி அப்படித்தான் கேட்டான்.

"தங்கச்சிக்கு இருபத்திநாலு" என்றாள் அம்மா.

அக்கா குசினி வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை. அவன் சிரிக்கவும் இல்லை. தலையைக் குனிந்து எழுதினான். அவன் வீட்டில் இரண்டு தமக்கைமார். அன்று காலையில்தான் அவர்களுக்கு இருபத்துநாலும் இருபத்துமூன்றும் எழுதியிருப்பான். அவனுக்கே அப்போது இருபத்திரண்டு.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் புதிதாக ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளை கப்பல்காரர். பருத்தித்துறைப் பக்கம். வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்தார். வயது முப்பத்தைந்து என்றார்கள். நாற்பத்திரண்டுக்குக் குறைவில்லை என்பது மீசையில் தெரிந்தது. கறுப்பு மை நனைந்து இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. அவருக்குத் தாய் இல்லை, தமக்கைதான் எல்லாம். இந்தமுறை நடக்காவிட்டால் அக்காவுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயது முகத்தை எவ்வளவு காலத்துக்கு இருபத்துநாலு என்று விற்க முடியும்? அக்காவுக்கும் அது தெரியும். அந்த வாரம் முழுவதும் அவள் கண்ணாடிக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூட நின்றாள்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள்தான் ஆண்டு விழா. அம்மான் வாசிகசாலையில் பொருளாளர். தன் பெருமையைக் காட்டுவதற்காக மாப்பிள்ளையையும் தமக்கையையும் விழாவுக்கு அழைத்து முன் கதிரையில் இருத்தினார். கொஞ்சம் மூளையுள்ளவன் இதைச் செய்திருக்கமாட்டான்.

மண்டபச் சுவர் முழுவதும் மட்டைகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு நேர்கோடு. அதன் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் குழந்தைகள். மேலே போகப் போக வயது ஏறும். உச்சியில் கிழடுகள். பெண்கள் பக்கத்தில் கலியாணமானவர்களுக்குக் கடும் சிவப்பு, குமர்களுக்கு இளஞ்சிவப்பு. இலங்கையும் இந்தியாவும் வைக்கோல் பட்டறை மாதிரி இருந்தன, அடி அகலம், நுனி கூர். சுவீடன் எண்ணெய்ப் பீப்பா மாதிரி மேலேயும் கீழேயும் ஒரே அகலம். ஜேர்மனி இரண்டு பக்கமும் எலி கடித்த பாண் துண்டு. போரில் ஆண்கள் செத்ததால் ஒரு கடி, அந்த வருடங்களில் பிள்ளைகள் பிறக்காததால் இன்னொரு கடி என்று கிளாக்கர் பிரம்பால் தொட்டுக் காட்டினார்.

"ஐரோப்பா கிழட்டு ஐரோப்பா. அங்கை பாருங்கோ, குமருகள் குமராகவே இருந்து கிழவியாகுதுகள். இளஞ்சிவப்பு உச்சி மட்டும் போகுது. எங்கடை தேசம் இளந் தேசம்!"

சபை கைதட்டியது. ஏதோ தாங்கள் பாடுபட்டு உழைத்து இளமையாக இருப்பது போல அவ்வளவு பெருமை. நான் பின் வரிசை வாங்கில் இருந்தேன். நான் கடலுக்கு எதிர்க்கரையான இந்தியாவைத் தவிர வேறு தேசம் பார்த்ததில்லை. ஆனால் கிழவியாகும் வரை உயிரோடு இருப்பதில் என்ன வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் எங்கள் ஊர். கிளாக்கர் அதற்கு ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார். துணியை இழுத்தார். பெண்கள் பக்கத்தில், இருபதிலிருந்து இருபத்துநாலு வரைக்கான கோடு மட்டையை விட்டு வெளியே போயிருந்தது. அதற்காகத் தனியே ஒரு துண்டு மட்டை ஒட்டியிருந்தார். அதற்கு மேலே ஒரேயடியாக ஒடுங்கிவிட்டது. ஜேர்மனியின் கடி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மிஞ்சிய கோடுகளும் எல்லாம் கடும் சிவப்பு. இருபத்துநாலுக்கு மேல் இளஞ்சிவப்பு ஒரு பொட்டும் இல்லை.

"முதலாவது," என்றார் கிளாக்கர், "எங்கடை ஊரிலை கலியாணம் ஆகாமல் கிடக்கிற முதிர்ந்த பெண் ஒருத்தியும் இல்லை. இது சுவீடனாலை ஏலாது!"

கைதட்டல். அம்மான்தான் முதலில் தட்டினார்.

"ரெண்டாவது, இருபத்திநாலுக்கு மேலை பாதிப் பெண்களைக் காணேல்லை. ஜேர்மனியிலை போர். இஞ்சை என்ன? நான் கன நாள் யோசிச்சன். இந்தப் பெண்கள் குழந்தையா இருக்கேக்கை ஏதோ ஒரு கொள்ளை நோய் வந்து, பெண் குழந்தையளை மட்டும் கொண்டு போயிருக்கோணும். மூத்தவை ஆராவது ஞாபகம் வைச்சிருந்தாச் சொல்லுங்கோ."

செத்துப்போன பெண்கள் எல்லாரும் வலப்பக்க வாங்குகளில் வரிசையாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். அவர்களில் பலரைக் கிளாக்கர் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த காலங்களில் சட்டை போட்ட சிறுமிகளாகக் கண்டவர். ஒருத்தி அவருடைய சொந்தப் பெறாமகள், கூடப்பிறந்தவனின் மகள். முன்னால் இருக்கும் முகத்தைப் பார்க்கமாட்டார். மட்டையைத்தான் பார்ப்பார். இப்படிப்பட்ட படிப்பை நான் ஐந்தாம் வகுப்போடு தவறவிட்டதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

பின்னால் இருந்த ஒரு கிழட்டுத் தண்டையல், பழைய பாய்க்கப்பல் ஓட்டி, எழும்பி நின்றார். "அப்ப கிளாக்கர், உந்த வாங்கிலை இருக்கிறதுகள் என்ன, பேயளோ?"

சபை சிரித்தது. யாரோ அவரை வேட்டியில் பிடித்து இழுத்து இருத்தினார்கள். அம்மான் திரும்பி முறைத்தார். கிளாக்கருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. தண்டையல் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சுவரில் விட்டுப்போன ஜப்பானுக்குத் தாவினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா முன்னால் விறுவிறு என்று நடந்தாள். அக்கா என்னோடு பின்னால் வந்தாள்.

"தம்பி."

"என்னக்கா?"

"நான் எந்தக் கொள்ளையிலை செத்தனான்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவள் அம்மாவை எட்டிப் பிடிக்க நடையைக் கூட்டினாள்.

அடுத்த நாள் பின்னேரம் மாப்பிள்ளையும் தமக்கையும் வந்தார்கள். விறாந்தையில் இரவல் கதிரைகள் போட்டிருந்தோம். தட்டத்தில் பயத்தம் பணியாரமும் முறுக்கும். அம்மான் நடுவில் இருந்தார். என்னைக் காட்டி, "இவர் பிள்ளையின்ரை தமையன். கதைக்கமாட்டார், ஆனா தங்கமான பொடியன்" என்றார். நான் தூணோடு நின்றேன்.

மாப்பிள்ளை கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. பேச்சுக்கு வேறு விஷயம் கிடைக்காமல் நேற்றையப் படங்களைப் பற்றித் தொடங்கினார்.

"கிளாக்கரின்ரை ஜேர்மனி சரி. நான் ஹம்பேர்க்கிலை நிண்டனான். வாங்கு வாங்காக் கிழவியள். நாயோடை கதைச்சுக்கொண்டு இருப்பினம். ஆனா ஒருத்தியிட்டையும் வயது கேக்கேலாது. கேட்டாக் குடையாலை அடிப்பினம்."

அம்மான் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்கடை ஊரிலை உந்தப் பயமில்லை. கேட்ட உடனை சொல்லுவினம்!"

இந்த இடத்தில்தான் தமக்கை வெற்றிலையை வாயின் மற்றப் பக்கம் ஒதுக்கினாள். "அப்ப கேப்பம். பிள்ளைக்கு எத்தினை?"

"இருபத்திநாலு" என்றார் அம்மான்.

"தமையனுக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முப்பது" என்றேன். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

"ஆறு வருசம். நடுவிலை பிள்ளையள் இல்லையோ?"

"ரெண்டு பிறந்து தப்பேல்லை" என்றாள் அம்மா. சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. கிளாக்கர் இருந்தவர்களைத்தான் கொன்றார். அம்மா இல்லாத பிள்ளைகளையும் பெற்றுக் கொன்றாள்.

அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலுக்கு வந்தாள். இரண்டு கையும் தட்டத்தில். படியில் தண்ணீர்ச் செம்பு வழிமறித்துக்கொண்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவசரத்தில் வாய் தவறியது அல்ல என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

"தம்பி, அந்தச் செம்பை அங்காலை எடு."

நான் எடுத்தேன். வேறென்ன செய்வது? பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்கு எடுத்துப் பழகியவன்.

"உது செல்லம்," என்றார் அம்மான். "சின்னனிலையிருந்து தமையனைத் தம்பி எண்டுதான் கூப்பிடுறது. நாங்களும் திருத்திப் பாத்தம்."

"தமையனைத் தம்பி எண்டு கூப்பிடுற வீட்டை இப்பதான் காணுறன்" என்றாள் தமக்கை. "தமையனும் ஓடிவந்து எடுக்கிறார்."

அக்கா தட்டத்தை மேசையில் வைத்தாள். ஒரு துளியும் சிந்தவில்லை.

"அக்கா," என்று அந்தத் தமக்கையைப் பார்த்துச் சொன்னாள், "அவன் என்ரை தம்பிதான். நேற்று வாசிகசாலையிலை முப்பது வயதுப் பொம்பிளையள் எல்லாம் செத்துப்போட்டினம் எண்டு சொன்னவை. நான் சாகேல்லை. எனக்கு முப்பத்திரெண்டு. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை. தமக்கை எழுந்து, வெற்றிலையைத் துப்ப வெளியே போனவள், அப்படியே படலையைத் தாண்டிப் போய்விட்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் பிந்தி எழுந்தார். போகும்போது அக்காவை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். அம்மான் அக்காவை அடிக்கக் கை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். அடி என் தோளில் விழுந்தது. என் வாழ்க்கையில் வாய் திறக்காமல் நான் சொன்ன பெரிய வசனம் அதுதான்.

கதை அத்தோடு முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து அம்மான் ஒரு சேதியோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. மாப்பிள்ளை ஒருவழியாகத் தமக்கையைச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். பெண்ணின் துணிவு அவருக்குப் பிடித்துவிட்டதாம். முப்பத்திரண்டு என்றாலும் பரவாயில்லையாம்.

"ஒரேயொரு சொல்லு," என்றார் அம்மான். "வெளியிலை இருபத்திநாலெண்டே இருக்கட்டுமாம். அவையின்ரை சனத்துக்கு அப்பிடித்தான் சொல்லிப்போட்டினம். அவருக்கும் முப்பத்தைஞ்செண்டு சொல்லியாச்சு. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகோணும். அவ்வளவுதான். உனக்கென்ன நட்டம்?"

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, ஓம் எண்டு சொல்லு. என்ரை கண் மூடமுன்னம் ஓம் எண்டு சொல்லு."

அக்கா அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கடைசி ஆள் அவர்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஓம் என்று சொல்லியிருந்தால் ஒரு வீடு, ஒரு புருஷன், ஒருவேளை ஒரு பிள்ளை.

"உண்மை தெரிஞ்சு வாறவர், பொய்யாத்தான் வேணும் எண்டுறார்" என்றாள். "நான் சாகுமட்டும் தம்பிக்குத் தங்கச்சியா இருக்கோணும். என்ரை எட்டு வருசத்தை ஆர் வாழ்ந்தது அம்மான்? நீங்களோ?"

"விசரி!" என்றார் அம்மான்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ. முப்பத்திரெண்டு எண்டு கூப்பிட்டா வாறன்."

அவர் அப்படிக் கூப்பிடவில்லை. விடுமுறை முடியக் கப்பலுக்குப் போய்விட்டார். உலகத்தின் எல்லாத் துறைமுகத்தையும் பார்த்த மனிதரால் எங்கள் ஒழுங்கையின் பொய்யைத் தாண்ட முடியவில்லை. பிறகு வேறு எங்கேயோ கட்டினார் என்று கேள்வி. பெண்ணுக்கு வயது இருபத்துநாலாம்.

ஊருக்குள் அக்காவின் பேச்சு அன்றைக்கே பரவியது. யாராவது அவளை மெச்சினார்களா? கிணற்றடியில் பெண்கள் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அவள் தன் வயதைச் சொன்னதால் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களுக்கெல்லாம் வயது வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரி எங்கள் வேலிக்கு மேலால், "தனக்கு வாய்க்காட்டி மற்றவையின்ரை குமருக்கும் மண் போடோணுமோ?" என்று கேட்டாள். அவளுடைய மகளை இடுப்பில் தூக்கியவளும் அக்காதான்.

கிளாக்கரிடமும் சேதி போனது. அவர் தன் படத்தைக் கிழித்து வீசுவார், அல்லது குறைந்தது வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அக்காவிடம் கேட்டார்:

"பிள்ளை, முப்பத்திரெண்டு எண்டது நிச்சயமோ?"

"நிச்சயம் ஐயா."

"கலியாணம்?"

"ஆகேல்லை."

"சரி. பிழையைத் திருத்தத்தானே வேணும்."

மற்றவர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து சொன்னவள் ஒருத்தி, ஆகவே பிழையும் ஒன்று. போய்ப் படத்தைத் திருத்தினார். நான் வாசிகசாலைக்குப் போய்ப் பார்த்தேன். முப்பதிலிருந்து முப்பத்துநாலு வரைக்கான வரிசையில், கடும் சிவப்புக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை இளஞ்சிவப்பு. ஊர் முழுவதற்கும் ஒரேயொரு முதிர்ந்த குமர். அந்தக் கோடுதான் அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். படம் வருடக்கணக்காகச் சுவரில் தொங்கியது. பத்திரிகை வாசிக்க வருபவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். தங்கள் வீட்டில் இரண்டு மூன்று இருபத்துநாலுகளை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் கறையான் வந்து எல்லாவற்றையும் தின்றது. முதலில் ஐரோப்பாவைத் தின்றது.

அக்காவுக்குப் பிறகு கலியாணம் நடக்கவில்லை. தையல் மெசின் வாங்கினாள். கிணற்றடிப் பெண்கள் சட்டை தைக்கவேண்டி மெதுவாகத் திரும்பி வந்தார்கள். நானும் கட்டவில்லை. தமக்கை இருக்கத் தம்பி கட்டுவதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

எண்பத்தொன்றில் மறுபடி குடிசன மதிப்பு எடுக்க வந்தார்கள். இந்தமுறை அரசாங்கத்தின் ஆள், வேறு ஊர் வாத்தியார். எங்கள் ஒழுங்கையை முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உங்கடை ஒழுங்கையிலை ஒரு புதினம். கலியாணமாகாத பொம்பிளையள் ஒண்டில் இருபத்திநாலு, இல்லாட்டி அம்பது. நடுவிலை ஒருத்தரையும் காணேல்லை."

எனக்கு அது புதினமாக இருக்கவில்லை. மாப்பிள்ளை வருவான் என்ற நம்பிக்கை இருக்கும் வரை இருபத்துநாலு. நம்பிக்கை போன அன்று ஒரே பாய்ச்சலில் ஐம்பது. ஐம்பது என்றால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், கோயிலில் முன்னால் இடம் விடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முப்பது வயதும் நாற்பது வயதும் வருவதே இல்லை. அந்த வருடங்களை அவர்கள் சமைத்தார்கள், தண்ணீர் அள்ளினார்கள், தாய்மாரைப் பராமரித்தார்கள். ஆனால் அவை அவர்களுடைய வயதில் சேரவில்லை. கிளாக்கரின் கொள்ளை நோய் ஒருவிதத்தில் உண்மைதான். அதைப் பரப்பியவர்கள் முன் கதிரைகளில் இருந்து கைதட்டினார்கள்.

"உங்கடை வீட்டிலை?" என்று வாத்தியார் பென்சிலை எடுத்தார்.

அம்மா அப்போது படுக்கையில். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "பிள்ளைக்கு அம்பது எண்டு போடுங்கோ ஐயா."

அக்கா மெசினை நிறுத்தவில்லை. "நாப்பத்தொண்டு" என்றாள். "அது என்ரை தம்பி. முப்பத்தொன்பது. ரெண்டையும் அப்பிடியே எழுதுங்கோ."

அவர் எழுதினார். அவர் போன பிறகு அக்கா, "தம்பி, நூல் முடியுது, கடைக்குப் போட்டு வா" என்றாள். நான் போனேன்.

மலரில் இது ஒன்றும் இல்லை. ஆகவே எழுதினேன்.

1982ஆம் ஆண்டு, ஆனி மாதம் 14ஆம் திகதி.